பருப்பு வேகாத தண்ணீர்

சிதம்பரத்தில் என் பாட்டியார் குடியிருந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. அதன் ஜலம் பார்வைக்குப் பளிங்கு போலவும் கைக்குக் குளிர்ச்சியாகவும், பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் எடுக்க எடுக்கக் குறையாததாகவும் இருந்தும், பருப்பு வேகவைப்பதற்கு மாத்திரம் பாட்டியார் அதைத் தொடமாட்டார். ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுக் கூரையிலிருந்து அண்டாவில் பிடித்து வைத்த மழைநீரோ, அது தீர்ந்தபின் குளத்திலிருந்து இடுப்பில் சுமந்து வந்த ஒரு குடமோ அடுக்களை மூலையில் தனியே மூடி வைக்கப்பட்டிருக்கும். விளையாட்டாக அதில் கை நனைத்துவிட்டால், "கிணத்துத் தண்ணியிலே விடிய விடிய எரிச்சாலும் பருப்பு வேகாதுடா, இதையும் கொட்டிட்டா சாம்பாருக்கு எங்கே போறது?" என்று கோபித்துக்கொள்வார். ரசாயன சாஸ்திரத்தில் ஓர் எழுத்தும் படித்தறியாத அந்த மூதாட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பதார்த்தம் அந்தத் தெளிந்த நீரில் கரைந்திருக்கிறதென்பதை அடுப்பங்கரை அனுபவத்தாலேயே நிர்ணயம் செய்திருந்தார். அந்தப் பதார்த்தத்தின் பெயரும் அதை அகற்றும் உபாயமும் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ரசாயன மேஜை முன்னே நின்றபோதுதான் எனக்குப் புலப்பட்டன.

பருப்பின் திசுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். வெந்நீரில் அந்தப் பசை இளகிக் கரைவதையே நாம் பருப்பு குழைகிறது என்கிறோம். நீரில் கால்சியம் இருந்தால் அது பெக்டின் இழைகளுக்கு இடையே புகுந்து, இரு கரங்களாலும் இரண்டு இழைகளைப் பற்றி இறுக்கிவிடுகிறது. பசை கரைவதற்குப் பதிலாகக் கெட்டிப்படுகிறது. பூசணித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் இடுவதற்கு முன்னால் சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்து விறைப்பாக்கும் மிட்டாய்க்காரர் வேண்டுமென்றே செய்வதை, எங்கள் கிணறு வேண்டாமலே செய்துகொண்டிருந்தது. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போட்டால் அந்தப் பருப்பு வழிக்கு வரும் என்பதையும் பாட்டியார் அறிந்திருந்தார்; அது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நம் ஊரில் உப்புத் தண்ணீர் என்று ஒரே பெயரால் வழங்கப்படுவது உண்மையில் இரண்டு வேறு தோஷங்களாகும். நாவுக்குக் கரிக்கும்படி சோடியமும் குளோரைடும் மிகுந்திருப்பது ஒன்று. கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருப்பதால் சோப்பு நுரைக்காமலும், பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டியும் போவது மற்றொன்று. முன்னதற்கு உவர்ப்பு என்றும் பின்னதற்குக் கடினத்தன்மை என்றும் பெயர். இவை இரண்டும் கூடியும் வரும், தனித்தும் வரும். இந்தப் பேதத்தை அறியாமல் பணத்தைச் செலவழித்து ஏமாந்த குடும்பங்கள் கடலூரில் சிலவற்றை எனக்குத் தெரியும். கடினத்தை நீக்கும் சாதனத்தை வாங்கி மாட்டிவிட்டு, குடிநீரின் கரிப்பு அப்படியே இருக்கிறதென்று வருந்தினார்கள். அந்தச் சாதனம் கரிப்பைக் குறைக்கக் கூடியதே அன்று. கலங்கலும் மூன்றாவதான வேறொரு விஷயம். புதுவெள்ளத்து ஆற்றுநீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைத்தாலும், கரைந்திருக்கும் கால்சியத்தில் ஓர் அணுவையும் அந்தக் கொட்டை தீண்டுவதில்லை.

கடினத்தன்மையை அளப்பதற்கு, ஒரு லிட்டர் நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அனைத்தையும் சுண்ணாம்புக்கல்லாகப் பாவித்து, அது இத்தனை மில்லிகிராம் என்று சொல்வது மரபு. 60-க்குக் கீழே இருந்தால் மென்னீர், 180-க்கு மேலே போனால் மிகவும் கடினநீர் என்பது பொதுவாக வழங்கும் வகுப்பு. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு 200 வரை ஏற்கத்தக்கதென்றும், வேறு நீர் கிட்டாத இடத்தில் 600 வரை பொறுக்கலாமென்றும் வகுத்திருக்கிறது. பரிசோதனைச் சாலையில் இதை அளக்கும் விதம் கண்ணுக்கு இனியது. நீரில் ஒரு சாயத்தை இட்டால் கால்சியமும் மக்னீசியமும் அதனுடன் கூடித் திராட்சை ரசச் சிவப்பைத் தருகின்றன. அவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்னும் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், கடைசி மக்னீசிய அணுவும் சாயத்தைக் கைவிடும் அந்த ஒரே சொட்டில் சிவப்பு முழுவதும் தெளிந்த நீலமாக மாறுகிறது. எத்தனை முறை செய்தாலும் அந்த நிறமாற்றத்தின்போது குடுவையைச் சுழற்றும் கை சற்று நின்றுவிடும்.

சோப்பின் கதையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தோடு சோடியம் சேர்ந்த உப்பு. கடினநீரில் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. உண்டாகும் கால்சியச் சோப்பு கரைவதில்லை, நுரைப்பதுமில்லை, வாளியின் விளிம்பிலும் தலைமயிரிலும் வெள்ளாடையின் நெய்விலும் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டுகிறது. 100 மில்லிகிராம் கடினத்தன்மை ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோப்பை இவ்விதம் வீணாக்கும். ஆகவே 300 அளவுள்ள கிணற்று நீரில் 20 லிட்டர் வாளி ஒன்று முழுவதையும் நுரைக்கச் செய்ய வேண்டுமானால், முதலில் 36 கிராம் சோப்பைக் கால்சியத்துக்குக் காணிக்கையாகச் செலுத்தியாக வேண்டும்; அதன்பின் போடும் சோப்புத்தான் அழுக்கின் மேல் கை வைக்கும். நூறு கிராம் கட்டியொன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. துணி இன்னும் வெளுக்கவில்லை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இந்த இடரில் அகப்படுவதில்லை. அவற்றின் நுரைக்குக் காரணமான சபோனின் கால்சியத்தோடு கூடித் திரிவதில்லையாதலால், உப்புத் தண்ணீர் ஊர்ப் பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் சீயக்காயைக் கைவிடாமல் இருந்தது வெறும் பழக்க தோஷம் அன்று.

இந்தக் கால்சியம் எங்கிருந்து வருகிறது? மழைநீர் வானத்திலிருந்து இறங்கும்போது மென்மையானதே. மண்ணுக்குள் இறங்கும் வழியில், வேர்களும் கிருமிகளும் விடும் மூச்சினால் கரியமில வாயு திரண்டு நிற்கும் மண்காற்றைச் சந்தித்து, அதைத் தன்னுள் கரைத்துக்கொண்டு ஓர் இலேசான அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புப் பாறையையோ, கழிமுகத்து மண்ணில் புதைந்த கிளிஞ்சலையோ தொட்டால் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. கடலூர் ஜில்லாவின் பூமி இவ்விஷயத்தில் ஒரே தன்மையுடையதன்று. கேப்பர் மலையின் செம்மண் தொடங்கி நெய்வேலிப் பக்கமெல்லாம் பரவிக் கிடக்கும் பாறைக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ் மணலாகிய அதனூடே ஊறிவரும் ஜலம் சுண்ணாம்பைச் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு, ஆகவே மென்மையாகவே இருக்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் போய் வெள்ளாற்றைக் கடந்து அரியலூர்ச் சீமையில் நுழைந்தால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் சங்குகளும் சிப்பிகளும் இறுகிய சுண்ணாம்புக்கல் தரைக்கடியில் நிற்கிறது. சிமெண்டு ஆலைகளுக்குச் செல்வமான அதே கல் கிணறுகளுக்குக் கடினத்தைத் தருகிறது. கிழக்கே கரையோரத்தில், கெடிலமும் பரவனாறும் வெள்ளாறும் கடலோடு கலக்கும் இடங்களில், கடல்நீரே நிலத்தடியில் ஊடுருவுகிறது. கடல்நீரின் கடினத்தன்மை 6,000-க்கும் மேல் என்பதையும் அதில் பெரும்பங்கு மக்னீசியம் என்பதையும் நினைத்துக்கொண்டால், இருபதில் ஒரு பங்கு கடல்நீர் கலந்த கிணற்றில் அக்கலப்பினால் மாத்திரமே 300-க்கு மேல் கடினம் ஏறிவிடும் என்பது விளங்கும்.

கடினநீரை மென்னீராக்கும் உபாயங்களில் மிகவும் எளியது கொதிக்கவைப்பதே. கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் பகுதி, காய்ச்சியவுடன் கரியமில வாயுவை இழந்து, பழையபடி சுண்ணாம்புக்கல்லாகிப் படிந்துவிடுகிறது. வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் முட்டையோடு போல வெள்ளையாக ஏறும் பொருக்கு அதுதான். இதைத் தற்காலிகக் கடினம் என்பர். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் பகுதியோ எத்தனை நேரம் கொதித்தாலும் அசையாது. அதற்கு நிரந்தரக் கடினம் என்று பெயர். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ரசாயனப் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841-இல் கண்டு பேட்டண்ட் பெற்ற முறை, விறகில்லாமலே தற்காலிகக் கடினத்தை அகற்றும். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல அவர் சுண்ணாம்பு கரைந்த நீரில் மேலும் நீற்றுச் சுண்ணாம்பை அளந்து போட்டார். நீற்றுச் சுண்ணாம்பு பைகார்பனேட்டிலுள்ள உபரி அமிலத்தை உறிஞ்சிக்கொள்ள, போட்டதும் ஏற்கனவே இருந்ததும் இரண்டுமே கரையாத சுண்ணாம்புக்கல்லாகிக் கீழே இறங்கிவிட்டன. பெரிய நீர்நிலையங்களில் இம்முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. நிரந்தரக் கடினத்துக்குச் சலவைச் சோடா வேண்டும். சோடாவின் கார்பனேட்டு கால்சியத்தைப் பற்றிக்கொண்டு படிய, சோடியம் அதன் இடத்தில் நீரில் நிற்கும்.

பாட்டியாரின் ஆப்பச் சோடா, கொதிக்கும் பானையில் செய்த காரியமும் இதன் சாயலே. ஆனால் அவரைக் காட்டிலும் பழைய ஆசிரியர்கள் இத்தேசத்தில் இருந்தார்கள். மழை நின்று வெயில் ஏறியபின் களர்நிலத்தில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணை வழித்தெடுத்து, துணியை அதன் கரைசலில் நனைத்து, வெள்ளாவி வைத்து வெளுத்த வண்ணார் குலத்தினர், அந்த மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டினாலே நீரின் கால்சியத்தைப் படியவைத்து, அழுக்கின் எண்ணெய்ப் பிசுக்கையும் அறுத்தார்கள். ரசாயனத் தொழிற்சாலைகள் தோன்றுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே ஆற்றங்கரைக் கல்லடியில் நடந்துவந்த இந்த நீர் மென்மையாக்கலை, நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியிலேனும் குறிப்பிடாமலிருப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது. உவர்மண் எந்த வயலில் பூக்கும், எந்த மாதத்தில் வழித்தால் காரம் கூடும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்களை நாம் வித்வான்கள் என்று அழைத்ததில்லை.

இனி, இன்று வீட்டு மொட்டைமாடியிலும் ஆலைக் கொட்டகையிலும் நின்று நீரை மென்மையாக்கும் அந்த உருளைப் பாத்திரத்துக்கு வருவோம். அதன் பூர்வ சரித்திரம் நீரைப் பற்றிய கவலையில் தொடங்கவில்லை, எருவைப் பற்றிய கவலையில் தொடங்கியது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பிரதேசத்து நிலக்கிழார் தாம்சன் என்பவர், எருவிலிருந்து அம்மோனியா வீணாகிப் போவதைத் தடுக்கும் வழியைத் தேடி, ஒரு குழாயில் தன் வயல் மண்ணை நிரப்பி, அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை மேலிருந்து ஊற்றிப் பார்த்தார். கீழே வந்து சேர்ந்ததில் அம்மோனியத்துக்குப் பதில் கால்சியம் இருந்தது. மண் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்திருந்தது. 1850-இல் இது பிரசுரமாயிற்று. தாமஸ் வே என்னும் ரசாயனி அதே காலத்தில் இதை விரிவாக ஆராய்ந்து, இந்தப் பண்டமாற்றைச் செய்வது மண்ணிலுள்ள களிமண்ணே என்றும், வாங்குவதும் கொடுப்பதும் சம எடையில் அல்லாமல் சம மின்னேற்றத்தில் நடக்கிறதென்றும் காட்டினார்.

களிமண்ணின் ஒவ்வொரு செதிலும் தன் உடலில் ஒரு நேர்மின் குறையோடு பிறந்தது. அந்தக் குறையை ஈடு செய்ய நேர்மின் அயனிகளாகிய சோடியம், கால்சியம், மக்னீசியம் முதலானவை அதன் மேற்பரப்பில் வந்து ஒட்டியிருக்கின்றன. ஒட்டியிருக்கின்றனவே அன்றி உடலோடு பிணைக்கப்படவில்லை. திண்ணையில் இளைப்பாறுகிறவர்களைப் போல, வேறொருவர் வந்து இடம் கேட்டால் எழுந்து போகக் கூடியவை. இரண்டு மின்னேற்றமுடைய கால்சியம் ஒன்று அமர வேண்டுமானால் ஒற்றை மின்னேற்றமுடைய சோடியம் இரண்டு எழுந்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கரையோர நிலத்தைப் பார்த்தால், தரைக்கடியில் ஓயாமல் நடக்கும் ஒரு வியாபாரம் கண்முன்னே விரிகிறது. முன்னொரு காலத்தில் கடல் நின்று சோடியத்தில் ஊறிய களிமண் படுகையினூடே மேற்கிலிருந்து நன்னீர் ஊறி வந்தால், நீரிலுள்ள கால்சியம் களிமண்ணில் தங்க, சோடியம் நீரில் இறங்குகிறது. மனிதன் கை படாமலே மென்னீராகிய அந்த ஜலத்தில் சோப்பு நன்றாக நுரைக்கும். அளவுக்கு மீறி இறைத்ததனால் கடல்நீர் உள்ளே வந்துவிட்டாலோ வியாபாரம் தலைகீழாகிறது. சோடியம் படையாகத் திரண்டு வந்து களிமண்ணிலிருந்த கால்சியத்தை எழுப்பிவிட, கடல்நீர் தானே கொண்டுவந்த கடினத்தோடு மண் விட்டுக்கொடுத்த கடினமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இரண்டு கிணறுகள் முற்றிலும் வேறு குணமாயிருப்பதைக் கண்டு ஜனங்கள் வியப்பதுண்டு; இடையிலிருக்கும் களிமண் படுகை எந்தத் திசையில் பண்டம் மாற்றுகிறதென்பதில் அதன் காரணத்தைத் தேடலாம்.

மண் செய்வதை மனிதன் ஒரு பாத்திரத்துக்குள் செய்யத் துணிந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பெர்லினில் ராபர்ட் கான்ஸ் என்பவர் செயற்கைக் களிமண் போன்ற ஒரு பொருளை உண்டாக்கி அதைக்கொண்டு நீரை மென்மையாக்கினார். அதற்கு வழங்கிய பெர்மூட்டிட் என்ற பெயருக்கு லத்தீன் மூலத்தில் பரிவர்த்தனை என்றே அர்த்தம். 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கைப் பிசினுக்கும் இந்தக் குணம் உண்டென்று காட்டினர். 1940-களில் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் சல்பானிக் அமிலத் தொகுதிகளைப் பிணைத்துச் செய்யும் முறை வந்தது. இன்று புழங்குவது பெரும்பாலும் அதன் வம்சமே. கையில் எடுத்துப் பார்த்தால் கசகசா அளவில், தேன் நிறத்தில், ஈர மணிகளாக இருக்கும். ஒவ்வொரு மணியும் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். வெளிப்பரப்பில் மாத்திரமல்லாமல் உள்ளே எங்கும் வலைபோல் பின்னிய பிளாஸ்டிக் இழைகளில் எதிர்மின் இருக்கைகள் நெருக்கமாக அமைந்திருக்க, ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சோடியம் அமர்ந்திருக்கும். கிணற்று நீர் மேலிருந்து இறங்கும்போது கால்சியமும் மக்னீசியமும் இருக்கை பிடிக்க, சோடியம் எழுந்து நீரோடு வெளியேறும். மேலடுக்கு நிறைந்தபின் அடுத்த அடுக்கு, அதன்பின் அடுத்தது என்று நிறைந்துகொண்டே போய், ஒருநாள் கடைசி அடுக்கும் நிறைந்துவிடுகிறது. அன்று காலையில் குளிப்பவர் சோப்பு மறுபடியும் நுரைக்கவில்லையே என்பார்.

அப்போது பிசினை எறிந்துவிட வேண்டியதில்லை என்பதுதான் இந்த வித்தையின் மகத்தான விசேஷம். மரக்காணம் உப்பளத்திலிருந்து வருவது போன்ற சாதாரண உப்பைப் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் கரைத்து, அந்த உப்புநீரைப் பிசினினூடே மெல்லச் செலுத்தினால், சோடியம் திரும்பவும் தன் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. இருக்கைக்காகக் கால்சியத்திடம் தோற்ற சோடியம் இப்போது ஜயிப்பது எப்படி? பலத்தினால் அன்று, தொகையினால். கிணற்று நீரின் கால்சியம் லிட்டருக்குச் சொற்பம். நீர்த்த கரைசலில் இரு கரமுடைய கால்சியத்தையே பிசின் விரும்பி ஏற்கும். உப்புநீரிலோ சோடியத்தின் செறிவு, 300 கடினமுள்ள கிணற்று நீரில் இருந்த கால்சிய மக்னீசியத்தைப் போல ஏறக்குறைய 300 மடங்கு. இத்தனை பெரிய கூட்டம் நெருக்கும்போது பிசினின் விருப்பம் எடுபடாமல் போகிறது. கடல்நீர் ஏறிய களிமண்ணில் நடந்ததும் இதுவே. முதலில் கீழிருந்து மேலாக நீரைச் செலுத்தி அழுக்கைக் கிளப்பிக் கழுவி, பிறகு உப்புநீரை விட்டு, கடைசியில் நல்ல நீரால் அலசி முடித்தால், பாத்திரம் மறுபடியும் வேலைக்குத் தயார். ஒழுங்காகப் பராமரித்தால் அதே பிசின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். காந்தத்தைக் குழாயில் கட்டினால் போதும், உப்பும் வேண்டாம் பிசினும் வேண்டாம் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றி என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: குழாய்க்கு முன்னும் பின்னும் நீரை எடுத்துச் சாயமிட்டு அளந்து பாருங்கள், கால்சியம் எதற்கும் இடம் மாறவில்லையென்றால் அந்த எண் குறைய வழியில்லை.

வீட்டில் சோப்பும் பருப்பும் பெரிதானாலும், கடினநீர் உயிருக்கே உலை வைத்த இடம் நீராவிக் கொதிகலனாகும். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் 1840-களில் சர்க்கரை ஆலையை நிறுவிய காலத்திலிருந்து, விழுப்புரம் மாயவரம் பாதையில் கடலூரையும் சிதம்பரத்தையும் கடந்துபோன நீராவி ரயில்கள் வரையில், எஞ்சினுக்குத் தீனி கரியும் தண்ணீருமே. கொதிகலனில் நீர் ஆவியாகப் போய்விட, கால்சியம் மாத்திரம் பின்தங்கிக் குழாய்ச் சுவரில் கல்லாகப் படிகிறது. இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும் அந்தக் கல்லாடையைத் தாண்டி நீரைச் சூடாக்க அதிக எரிபொருள் வேண்டும். அது ஒரு நஷ்டம். நீர் தன்னைக் குளிர்விக்காத நிலையில் குழாயின் இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறி, இளகி, உட்புற அழுத்தம் தாங்காமல் வெடிப்பது அடுத்த நஷ்டம். அருகில் நின்ற தொழிலாளியின் உயிரும் அதோடு போகலாம். ஆகவேதான் எஞ்சின்களை அடிக்கடி நிறுத்திக் கொதிகலனைக் கழுவி, பொருக்கைச் சுரண்டி எடுத்தார்கள்.

கொதிகலனுக்கு வேண்டிய நீர் விஷயத்தில் நெய்வேலியின் கதையில் ஒரு பெரும் பொருத்தத்தைக் காண்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய துகள்கள் வெளிப்பட்டதிலிருந்து தொடங்கி, 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1961-இல் அந்த நிலக்கரிப் படிவம் வெளிச்சம் கண்டு, மறு ஆண்டில் மின்சாரம் பிறந்த வரலாறு நாடறிந்தது. அந்தப் படிவத்துக்கு அடியில், கடலூர் மணற்கல்லுக்குள்ளே, மேல்நோக்கிப் பெரும் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலொழியச் சுரங்கம் நிலைக்காது. கரியைத் தந்த அதே நிலமே, அந்தக் கரியால் கொதிக்கவேண்டிய நீரையும் தந்தது. ஆயினும் உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் அனல்மின் கொதிகலன்களுக்கு மென்னீரும் போதாது. அதிலுள்ள சோடியமும் சிலிக்காவும்கூட இருக்கலாகாது. அங்கே நேர்மின் அயனிகள் அனைத்துக்கும் பதில் ஹைட்ரஜனையும், எதிர்மின் அயனிகள் அனைத்துக்கும் பதில் ஹைட்ராக்சிலையும் கொடுக்கும் இருவகைப் பிசின்களை வைக்கிறார்கள். ஹைட்ரஜனும் ஹைட்ராக்சிலும் கூடினால் நீரே ஆகுமாதலால், கொடுக்கப்பட்ட பண்டமும் நீராகவே மறைந்துவிடுகிறது.

மருத்துவமனையில் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் செய்யும் இயந்திரத்தின் பின்னாலும் ஒரு மென்னீர்ப் பாத்திரம் நிற்கிறது. நான்கு மணி நேரச் சிகிச்சையொன்றில் ஏறக்குறைய 120 லிட்டர் நீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் ரத்தத்தோடு உறவாடுகிறது. அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்துவிட்டால் குமட்டலும் வாந்தியும் ரத்த அழுத்த உயர்வும் உண்டாகும். 1960-களில் மருத்துவர்கள் இதைக் கண்டு கடினநீர் நோய் என்றே பெயரிட்டார்கள். வாயால் குடிக்கும்போது குடல் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். சவ்வுக்கு அந்த விவேகம் கிடையாது. சிறு நகரத்து மருத்துவமனையில் உப்புத் தொட்டியை நேரம் தவறாமல் நிரப்பிவைக்கும் ஊழியரின் பெயரை நோயாளி அறிவதில்லை. அவர் நாளும் பொழுதும் காப்பாற்றும் உயிர்களை நான் அறிவேன்.

குடிக்கும் நீரின் கடினத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று இந்த இடத்திலேயே சொல்லிவிட விரும்புகிறேன். கால்சியமும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துக்களே. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்தன்மைக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. மென்மையாக்கிய நீரைக் குடிப்பதில்தான் சற்று யோசனை வேண்டும். பண்டமாற்றில் இலவசம் என்பது இல்லை. 300 கடினத்தை எடுத்தால் லிட்டருக்கு 138 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்ந்திருக்கும். நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பவர் வயிற்றில் 276 மில்லிகிராம். நாளொன்றுக்கு 2 கிராமுக்குக் குறைவாகச் சோடியம் போதும் என்று அதே நிறுவனம் சொல்லியிருக்க, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கைக்குழந்தை உள்ள வீட்டாரும் அடுக்களைக் குழாயைப் பிசினுக்கு முன்னாலேயே தனியே பிரித்துக்கொள்வது நல்லது.

அதைவிட எனக்குக் கவலையளிப்பது உபயோகித்த உப்புநீர். நாளைக்கு 1,000 லிட்டர் புழங்கும் குடும்பம், 300 கடினமுள்ள நீரிலிருந்து ஆண்டொன்றுக்கு எடுப்பது 109 கிலோ சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். ஒரு கிலோவை எடுக்கக் கணக்குப்படி 1.17 கிலோ உப்புப் போதுமென்றாலும், நடைமுறையில் இரண்டு மூன்று பங்கு செலவாகும். ஆகவே ஆண்டுதோறும் அந்த வீட்டிலிருந்து வெளியேறுவது முந்நூறு கிலோ அளவுக்கு உப்பு. கடலூரில் ஓர் உறவினர் வீட்டில் அதைக் கொல்லையிலேயே விட்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் வாழைக்கட்டைகள் இலை ஓரம் கருகி மடிந்தன. மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்கிற்று. காய்ந்தபோது மண் ஓடு போல வெடித்தது. சோடியம் ஏறிய களிமண்ணின் செதில்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, நுண்துளைகளை அடைத்துக்கொண்டுவிட்டதன் அடையாளம் அது. கால்சியம் பருப்பை இறுக்கியது போலவே மண்ணையும் இறுக்கிக் கட்டிப் பொலபொலவென்று வைத்திருந்தது. அடுக்களையில் குற்றவாளியாயிருந்தது வயலில் தாங்கும் தூண்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில், இக்கரையில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலை, குப்பங்களைத் தாண்டி வயல்களிலும் ஏறிற்று. பிசின் பாத்திரத்துக்குள் நாம் அளந்து விடும் உப்புநீரைக் கடல் அளவில்லாமல் களிமண்ணின் மேல் கொட்டிவிட்டுப் போனது; மண்ணின் இருக்கைகளில் சோடியம் அமர்ந்தது. இவ்விதம் சோடியம் ஏறிய நிலத்துக்கு வேளாண் துறையினர் சொல்லும் சிகிச்சை கால்சியத்தைத் திருப்பிக் கொடுப்பதே. வயலைச் சிறு பாத்திகளாக வரப்புக்கட்டி, ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டை வெள்ளைப் பொடியாகத் தூவி உழுது, வடகிழக்குப் பருவத்து மழைநீரைக் கணுக்கால் அளவு தேக்கி நிறுத்தி, சில நாள் கழித்து வாய்க்கால் மடையைத் திறந்து விடுகிறார்கள். ஜிப்சத்தின் கால்சியம் ஒவ்வொன்றாகக் களிமண்ணில் அமர, இரண்டிரண்டாக எழுந்த சோடியம் மடைவழியே வடிகாலில் இறங்கி, அங்கிருந்து உப்பனாற்றுக்கும் கடலுக்கும் போகிறது.